பேங்க் மாறும்போது பழைய கிரெடிட் கார்டு என்ன ஆகும்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன. வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாலாஜாபேட்டை என்று பழைய வட ஆற்காடு மாவட்டம் முழுக்கவே பேசி வைத்துக்கொண்டு எழுதியதுபோல, கணக்கு வேறு பேங்குக்குப் போகவேண்டும், கார்டு மட்டும் பழைய பேங்கிலேயே இருக்கவேண்டும், முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் அவசரப்பட்டுக் கார்டைத் தொலைத்தவர்களையும், கார்டுக்குப் பயந்து பிடிக்காத பேங்கிலேயே வருஷக்கணக்காக உட்கார்ந்திருப்பவர்களையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். வேலூர் லாங் பஜாரில் 14 வருஷமாக எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். கடையின் கரண்ட் அக்கவுண்ட் ஒரு பேங்கில் இருக்கிறது. இருப்பு குறைந்தால் ஒரு பிடித்தம், ரொக்கம் அளவுக்கு மேல் கட்டினால் ஒரு பிடித்தம். வீட்டுக்குப் பக்கத்தில் சத்துவாச்சாரியில் வேறு பேங்கின் கிளை இருக்கிறது, அங்கே மாறிவிடலாம் என்று பார்க்கிறேன். ஆனால் பழைய பேங்கின் கிரெடிட் கார்டு 9 வருஷமாக என்னிடம் இருக்கிறது, ஒரு தடவைகூட டியூ தவறியதில்லை. கிளையில் கேட்டால் 'கணக்கை மூடினால் கார்டும் போய்விடும்' என்கிறார்கள். அடுத்த வருஷம் வீட்டுக் கடன் வாங்கும் எண்ணமும் இருக்கிறது. என்ன செய்யலாம்?
(பாத்திரக் கடைக்காரர், வேலூர்)

பதில்: கிளையில் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கரண்ட் அக்கவுண்ட் ஒரு ஒப்பந்தம், கிரெடிட் கார்டு வேறொரு ஒப்பந்தம். கணக்கில் இருப்பது உங்கள் பணம், பேங்க் அதற்குக் காவல். கார்டில் செலவாவது பேங்க் தரும் கடன், அதை மாதாமாதம் நீங்கள் அடைக்கிறீர்கள். ஒன்றை மூடினால் இன்னொன்று தானாக மூடிக்கொள்ளாது. எந்தக் கணக்கும் இல்லாத பேங்கிடம் கார்டு வாங்கி வருஷக்கணக்காக வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், உங்கள் லாங் பஜாரிலேயே நாலு கடை தள்ளிக் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் இரண்டு விதக் கார்டுகளில் கவனம் வேண்டும். ஒன்று, ஃபிக்ஸட் டெபாசிட்டைப் பிணையாக வைத்து வாங்கிய கார்டு, அதைப் பற்றிக் கீழே குடியாத்தம் வாசகருக்குச் சொல்லியிருக்கிறேன். இன்னொன்று, கடையின் பெயரில், கணக்கின் வரவு செலவைப் பார்த்து அந்தக் கணக்கோடு சேர்த்தே கொடுத்த பிசினஸ் கார்டு. இந்த இரண்டாவது வகையில் கணக்கு போனதும் பேங்க் லிமிட்டைக் குறைக்கலாம், இலவசமாக இருந்த ஆண்டுக் கட்டணத்தைப் போடலாம், ஏன், கார்டையே மறுபரிசீலனை செய்யலாம். உங்கள் கார்டின் மேல் இருப்பது உங்கள் சொந்தப் பெயரா, கடையின் பெயரா என்று முதலில் பாருங்கள். அப்புறம் கார்டு பிரிவின் கஸ்டமர் கேருக்கு (கிளைக்கு வேண்டாம்) ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: 'என் கரண்ட் அக்கவுண்டை மூடப்போகிறேன், இந்தக் கார்டு தொடருமா, லிமிட்டிலோ ஆண்டுக் கட்டணத்திலோ மாற்றம் உண்டா' என்று. வாயால் வந்த பதில் காற்றோடு போய்விடும், எழுத்தில் வந்ததைப் பத்திரமாக வையுங்கள்.

சரி, கார்டு தொடரும் என்று பதில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போதுதான் உண்மையான ஆபத்து ஆரம்பிக்கிறது. கார்டுக்கும் கணக்குக்கும் நடுவில் ஒரே ஒரு கயிறு கட்டியிருக்கும், அது ஆட்டோ டெபிட். டியூ தேதியன்று உங்கள் கணக்கிலிருந்து கார்டு பில் தானாகக் கழிந்துகொண்டிருந்தது. 9 வருஷமாகத் தவறவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள், அதில் பாதி பெருமை அந்தக் கயிற்றுக்கும் உண்டு. கணக்கை மூடிய அன்றே கயிறு அறுந்துபோகும், 'அறுந்துவிட்டது' என்று யாரும் உங்களைக் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள்.

எனக்கே இது நடந்தது. 30 வருஷம் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன், ஓய்வு பெற்ற பிறகு சேமிப்புக் கணக்கை வேறு பேங்குக்கு மாற்றினேன். 11ஆம் தேதி பழைய கணக்கை மூடினேன், 18ஆம் தேதி கார்டு டியூ. பில் மூவாயிரம்கூட இல்லை. ஊருக்குப் போயிருந்தேன், பில் தானாகப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த மாத ஸ்டேட்மென்டில் தாமதக் கட்டணம் 500, அதன் மேல் ஜிஎஸ்டி 90, அப்புறம் வட்டி. கணக்கை மூடும்போது படிவத்தை வாங்கிக்கொண்ட கிளையில் ஒருவராவது 'ஐயா, கார்டு பில் இதிலிருந்துதானே போகிறது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எழுதிக் கேட்டுக் கட்டணத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன். ஆனால் தாமதமான அந்த ஒரு மாதம் என் கடன் அறிக்கையில் ஏறிவிட்டது, அதுதான் இன்றைக்கும் வருத்தம்.

அதனால் வரிசை முக்கியம். புதுக் கணக்கைத் திறந்து, அது நன்றாக ஓடும் வரை பழைய கணக்கைத் தொடாதீர்கள். இரண்டு மாதமாவது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும், பழைய கணக்கில் குறைந்தபட்ச இருப்பை மட்டும் விட்டுவையுங்கள். அந்த இரண்டு மாதத்தில் கார்டின் ஆப்பிலோ நெட் பேங்கிங்கிலோ போய் ஆட்டோ டெபிட்டைப் புதுக் கணக்குக்கு மாற்றப் பாருங்கள். சில பேங்குகள் தங்கள் கணக்கிலிருந்து மட்டும்தான் ஆட்டோ டெபிட் எடுக்கும், சில பேங்குகள் வேறு பேங்க் கணக்கிலிருந்தும் இ-மேண்டேட் (நீங்கள் ஆன்லைனில் ஒரு தடவை கொடுத்து வைக்கும் அனுமதி) மூலம் எடுக்கும். பதிவாகச் சில நாள் ஆகும், அதனால் டியூ தேதிக்கு முந்தின நாள் உட்கார்ந்து இதைச் செய்யக்கூடாது. ஸ்டேட்மென்ட் வந்த மறுநாள் செய்தால் போதுமான அவகாசம் இருக்கும். ஒரு மாதம் புதுக் கணக்கிலிருந்து பில் கழிந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பழைய கணக்கை மூடும் பேச்சு.

உங்கள் கார்டு பேங்க் வேறு பேங்கிலிருந்து ஆட்டோ டெபிட் எடுக்காது என்றாலும் கவலையில்லை. புதுப் பேங்கின் ஆப்பிலேயே பில் கட்டும் இடத்தில், பாரத் கனெக்ட் என்று இருக்கும் (முன்பு அதன் பெயர் பாரத் பில் பேமென்ட்), கிரெடிட் கார்டைச் சேர்த்துவிடலாம். நெஃப்ட் வழியாகவும் நிறைய பேங்குகள் ஏற்கும், பேங்க் சொல்லும் ஐஎஃப்எஸ்சி போட்டுக் கார்டு எண்ணையே கணக்கு எண்ணாகக் கொடுக்கவேண்டும். 2019 டிசம்பரிலிருந்து நெஃப்ட் ராத்திரி பகல், ஞாயிறு திங்கள் எல்லா நேரமும் ஓடுகிறது. எந்த வழியானாலும் டியூவுக்கு மூன்று நாலு நாள் முன்னாலேயே கட்டிவிடுங்கள். டியூ தேதி தாண்டி 3 நாளைக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணம் போடலாம், கடன் தகவல் நிறுவனத்துக்குத் தாமதம் என்று சொல்லலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் அந்த 3 நாள் தவறிப்போனவர்களுக்கு ஆபத்பாந்தவன், அதை மாதாமாதக் கணக்கில் சேர்த்துக்கொள்ளக் கூடாது.

அடுத்து, ஏன் இந்தக் கார்டை விடவே கூடாது என்கிறேன். வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது பேங்கில் சிபில் அறிக்கையை, அதாவது கடன் தகவல் நிறுவனம் தரும் உங்கள் கடன் வரலாற்றை, பார்ப்பார்கள். உங்கள் கரண்ட் அக்கவுண்டில் கோடி ரூபாய் புரண்டாலும் அது அந்த அறிக்கையில் வராது, ஓவர்டிராஃப்ட் போலக் கடன் வசதி இருந்தால் அதுதான் வரும். கார்டு வரும், 9 வருஷச் சுத்தமான கணக்கும் அதோடு வரும். கார்டை மூடினால் இரண்டு இடத்தில் அடி. நீளமான பழைய கடன் வரலாறு இனிமேல் வளராது. இருக்கும் மொத்த லிமிட்டும் குறைந்துவிடும், அதனால் அதே செலவு செய்தாலும் லிமிட்டில் அதிகப் பங்கு செலவழிப்பவர் போலத் தெரிவீர்கள். வீட்டுக் கடன் கைக்கு வரும் வரை இந்தக் கார்டில் கை வைக்கவேண்டாம். அதே காலத்தில் புதுப் பேங்க் 'எங்கள் கார்டும் வாங்கிக்கொள்ளுங்கள்' என்று நீட்டினாலும், இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் ஒரு விசாரணையாகப் பதிவாகும்.

கடை என்பதால் கார்டைத் தாண்டியும் சில கயிறுகள் உண்டு, சொல்லாமல் விட முடியாது. கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒட்டியிருக்கும் கியூஆர் ஸ்டிக்கர் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள், சவுண்ட் பாக்ஸ் வாடகை எங்கிருந்து கழிகிறது என்றும் பாருங்கள். ஜிஎஸ்டி தளத்தில் பேங்க் கணக்கை மாற்றுவது சுலபம், அதிகாரி ஒப்புதல் தேவைப்படாத திருத்தம், உங்கள் ஆடிட்டர் உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்துவிடுவார். கரண்ட் பில், போன், கடை இன்சூரன்ஸ் இதெல்லாம் எங்கே கட்டியிருக்கிறது என்று கடந்த ஒரு வருஷ ஸ்டேட்மென்டை எடுத்து ஒவ்வொரு வரியாகப் பேனாவால் டிக் அடித்துப் பாருங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை வரும் பிடித்தம்தான் எல்லோரையும் ஏமாற்றும், அதனால்தான் ஒரு வருஷம் என்கிறேன்.

செக் விஷயத்தில் இன்னும் கவனம். பாத்திர வியாபாரத்தில் சரக்கு அனுப்புகிறவர்களுக்குப் பின் தேதி போட்டுச் செக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அதில் ஒன்று வெளியே இருக்கும்போது கணக்கை மூடிவிட்டால், செக் 'கணக்கு மூடப்பட்டது' என்று திரும்பும். பணம் இல்லை என்றால்தானே வழக்கு, கணக்கு மூடியதற்கு என்ன என்று சிலர் நினைக்கிறார்கள். மூடிய கணக்கின் செக்குக்கும் செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆம் பிரிவு பாயும் என்று உச்ச நீதிமன்றம் 1999லேயே சொல்லிவிட்டது. செக்கின் ஆயுள் அதில் போட்ட தேதியிலிருந்து 3 மாதம். வெளியே இருக்கும் செக்குகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கி, புதுக் கணக்குச் செக் கொடுத்துவிடுங்கள், அல்லது அவை எல்லாம் கழியும் வரை காத்திருங்கள்.

பழைய பேங்கில் கேஷ் கிரெடிட்டோ ஓவர்டிராஃப்ட்டோ இருந்தால் கதை வேறு. அது இருக்கும்போது வேறு இடத்தில் கரண்ட் அக்கவுண்ட் திறப்பதற்கு ரிசர்வ் வங்கி 2020லிருந்து கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறது, புதுப் பேங்க் அதைப் பற்றிக் கட்டாயம் கேட்கும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை என்பதால் மேலே போகவில்லை.

கடைசியாக, மூடும் நாளில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுங்கள்: 'இந்த எண்ணுள்ள கரண்ட் அக்கவுண்டை மட்டும் மூடவும். என் பெயரிலுள்ள கிரெடிட் கார்டு தொடரவேண்டும்.' அந்த 'மட்டும்' என்ற சொல் விட்டுப்போகக் கூடாது. நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ஸ்டேட்மென்டுகளை மூடுவதற்கு முன்னாலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக் கடனுக்கு அவை கேட்பார்கள். கார்டில் பதிவான போன் நம்பர் கடை நம்பரா சொந்த நம்பரா என்றும் பார்த்துவிடுங்கள், ஓடிபி எங்கே போகிறது என்பது அன்றைக்குத்தான் பலருக்குத் தெரியவருகிறது.

கேள்வி: சார், நான் காட்பாடியில் இருந்து வேலூரில் ஒரு மருத்துவமனைக்கு நர்ஸ் வேலைக்குப் போய்வருகிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு பேங்கில் சம்பளக் கணக்கு, இப்போது வேறு பேங்க். பழைய பேங்க் கார்டை வைத்திருக்கிறேன். மாதாமாதம் பில் பழைய கணக்கிலிருந்து கழிகிறது, நானும் அதில் பணம் போட்டு வைக்கிறேன். ஆனாலும் கார்டில் கடன் குறையவே இல்லை. கணக்கு மாறியதால் ஏதாவது பிடிக்கிறார்களா?
(பெயர் வேண்டாம், காட்பாடி)

பதில்: கணக்கு மாறியதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைம்மா. ஆட்டோ டெபிட் போடும்போது 'மொத்தத் தொகை', 'குறைந்தபட்சத் தொகை' என்று இரண்டு இருந்திருக்கும், உங்களுக்கு இரண்டாவது பதிவாகியிருக்கிறது என்றுதான் படுகிறது. ஆப்பைத் திறந்து உடனே பாருங்கள்.

குறைந்தபட்சம் என்பது பல பேங்குகளில் பில்லில் 5 சதவீதம்போலத்தான் இருக்கும். 32,000 ரூபாய் பில் என்றால் 1,600 கழியும், 30,400 நிற்கும். மாதம் 3.5 சதவீத வட்டி என்று வைத்தால் அதற்கு 1,064 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 191 ரூபாய். அதாவது நீங்கள் கட்டிய 1,600ல் 1,255 வட்டிக்கே போய்விட்டது, அசலில் குறைந்தது 345தான். இதை இன்னும் மோசமாக்கும் ஒன்று இருக்கிறது. முழுத் தொகை கட்டாத மாதத்தில் புதிதாக வாங்கும் மளிகைக்கும் மருந்துக்கும்கூட 45, 50 நாள் வட்டியில்லாக் காலம் கிடையாது, தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். நைட் டியூட்டி பார்த்துச் சம்பாதிக்கும் பணம் இப்படிப் போவதைப் படிக்கவே கஷ்டமாக இருக்கிறது.

முதலில் இந்தக் கார்டில் புதுச் செலவை நிறுத்துங்கள். நகையோ டெபாசிட்டோ இருந்தால் அதன் மேல் குறைந்த வட்டிக்குக் கடன் எடுத்து இதை ஒரே அடியாக அடைப்பது நல்லது, நகைக் கடன் வட்டி ஒரு வருஷத்துக்குக் கேட்பதைக் கார்டு மூன்று நாலு மாதத்தில் கேட்கும். அடைத்து முடித்த பிறகு ஆட்டோ டெபிட்டை மொத்தத் தொகைக்கு, இப்போதைய சம்பளக் கணக்கிலிருந்து போடுங்கள். சம்பளம் வருவது நின்ற பழைய கணக்கு சாதாரண சேமிப்புக் கணக்காக மாறியிருக்கும், குறைந்தபட்ச இருப்பு கேட்க ஆரம்பித்திருப்பார்கள். கயிறு புதுக் கணக்குக்கு வந்ததும் அதை மூடிவிடலாம். டியூ தேதி சம்பளத் தேதிக்கு முன்னால் வருகிறது என்றால் பில் தேதியை மாற்றித் தரச் சொல்லலாம், ஒரு தடவையாவது மாற்றிக்கொள்ளும் உரிமை கார்டு வைத்திருப்பவருக்கு உண்டு.

கேள்வி: ஐயா, குடியாத்தத்தில் கைலி வியாபாரம். டெபாசிட் வைத்துக் கார்டு வாங்கினேன், 50,000 ரூபாய் டெபாசிட். சிரசுத் திருவிழா வியாபாரம் முடிந்ததும் கணக்கை வேறு பேங்குக்கு மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். டெபாசிட்டையும் எடுத்துக்கொண்டு போகலாமா, கார்டு மட்டும் இருக்குமா?
(ஒரு வாசகர், குடியாத்தம்)

பதில்: டெபாசிட்டை எடுத்தால் கார்டு நிற்காது. அந்த 50,000தான் கார்டுக்கு அஸ்திவாரம், பேங்க் அதன் மேல் பிடிமானம் போட்டிருக்கும், கார்டை அடைத்து மூடினால்தான் டெபாசிட்டை விடுவிப்பார்கள். கணக்கை மட்டும் மாற்றிக்கொண்டு டெபாசிட்டை அங்கேயே விட முடியும், ஆனால் வட்டி எந்தக் கணக்கில் விழுகிறது, முதிர்ந்ததும் பணம் எங்கே போகும் என்ற இரண்டையும் மூடுவதற்கு முன்னால் எழுதிக் கொடுத்து மாற்றவேண்டும். சில பேங்குகள் டெபாசிட்டுக்கு ஒரு சேமிப்புக் கணக்கையாவது வைத்திருக்கச் சொல்லும்.

உங்கள் நிலைமையில் இன்னொரு வழியும் இருக்கிறது. இந்தக் கார்டை ஒரு வருஷத்துக்கு மேல் ஒழுங்காகக் கட்டியிருந்தால், அதே பேங்கிடம் டெபாசிட் இல்லாத சாதாரணக் கார்டாக மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். கணக்கு அங்கே ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம், மூடிவிட்டுக் கேட்டால் குறைவு. ஆகவே வைகாசியில் சிரசுத் திருவிழா முடியும் வரைக்கும் காத்திருக்காமல், திருவிழா வியாபாரத்தின் வரவு அந்தக் கணக்கில் நன்றாகத் தெரியும் நேரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நான் வாலாஜாபேட்டை, ஓய்வு பெற்ற ஆசிரியர். என் மகள் லண்டனில் வேலையில் இருக்கிறாள். அங்கே கரண்ட் அக்கவுண்டை வேறு பேங்குக்கு மாற்றினால் பரிசாகப் பணம் தருகிறார்களாம். பழைய பேங்கின் கிரெடிட் கார்டு என்ன ஆகும் என்று என்னைக் கேட்கிறாள், எனக்குத் தெரியவில்லை.
(ஒரு தந்தை, வாலாஜாபேட்டை)

பதில்: ஐயா, அங்கே கரண்ட் அக்கவுண்ட் என்பது நம் ஊர்ச் சேமிப்புக் கணக்கு மாதிரி, சம்பளம் விழுந்து செலவாகும் சாதாரணக் கணக்கு. கடைக்காரர் கணக்கு என்று குழம்பவேண்டாம். 2013லிருந்து பிரிட்டனில் கணக்கு மாற்றுவதற்கென்றே ஒரு பொது ஏற்பாடு இருக்கிறது. புதுப் பேங்கில் ஒரு விண்ணப்பம் கொடுத்தால் போதும், 7 வேலை நாளில் இருப்பு, சம்பள வரவு, டைரக்ட் டெபிட், ஸ்டேண்டிங் ஆர்டர் எல்லாவற்றையும் பேங்குகளே நகர்த்திவிட்டுப் பழைய கணக்கையும் மூடிவிடும். பழைய எண்ணுக்கு வரும் பணம் குறைந்தது 3 வருஷம் புதுக் கணக்குக்குத் திருப்பிவிடப்படும். நம் ஊரில் பேனாவும் ஸ்டேட்மென்டுமாக உட்கார்ந்து செய்யும் வேலையை அங்கே ஏற்பாடே செய்துவிடுகிறது. இப்படி ஒன்று இங்கேயும் வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கிரெடிட் கார்டு இந்த மாற்றத்தில் சேராது, பழைய பேங்கிலேயே அப்படியே இருக்கும், கார்டு எண்ணும் லிமிட்டும் மாறாது. கார்டு பில்லை டைரக்ட் டெபிட்டில் கட்டுகிறாள் என்றால் அதுவும் புதுக் கணக்குக்கு நகர்ந்துவிடும், ஆனாலும் முதல் மாதம் கழிந்ததா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நகராத ஒன்று உண்டு: பழைய டெபிட் கார்டு எண்ணைக் கொடுத்து மாதாமாதம் கழியும் சந்தாக்கள், ஜிம், படம் பார்க்கும் ஆப் போன்றவை. அவற்றில் புதுக் கார்டு எண்ணை அவளேதான் போடவேண்டும். பழைய கணக்கில் ஓவர்டிராஃப்ட் எடுத்திருந்தால் அதைப் பற்றிப் புதுப் பேங்கிடம் தனியாகப் பேசவேண்டும். கொஞ்ச நாளில் அங்கே வீடு வாங்கக் கடன் கேட்கப்போகிறாள் என்றால் பரிசுப் பணத்துக்காக இப்போது மாறவேண்டாம், புதுப் பேங்க் அவள் கடன் வரலாற்றைப் பார்ப்பது பதிவாகும்.

கேள்வி: அண்ணே, ஆம்பூரில் ஷூவுக்கு அட்டை, சோல் சப்ளை செய்கிறேன். பேங்க் மாறி ஒன்றரை வருஷம் ஆகிறது. பழைய பேங்க் கார்டு பீரோவில் இருக்கிறது, தொடவே இல்லை. ஃப்ரெண்டு ஒருத்தன் நம்ம கடை மெஷினிலேயே தேய்ச்சு நம்ம கணக்குக்கே பணத்தை எடுத்துக்கோ, கார்டும் ஓடும், கைக்குப் பணமும் வரும் என்கிறான். சரியா?
(ஆம்பூர் வாசகர்)

பதில்: தம்பி, அதைச் செய்யாதே. சரக்கு எதுவும் விற்காமல் சொந்த மெஷினில் சொந்தக் கார்டைத் தேய்ப்பது மெஷின் கொடுத்த நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்துக்கே விரோதம். இப்படிப்பட்ட தேய்ப்புகளைக் கண்டுபிடிக்கிறார்கள், பிடித்தால் மெஷினும் போகும், கார்டும் போகும், கடைக்கு வரவேண்டிய பணமும் நிறுத்தப்படும். ஆம்பூர் மாதிரி ஊரில் பெரிய கம்பெனிகளிடமிருந்து உனக்கு வரும் பணம் அதே கணக்கில்தான் விழுகிறது, அதை அபாயத்தில் வைக்காதே.

கார்டை எப்படிக் காப்பாற்றுவது என்றால் அதற்கு வழி சுலபம். ஒரு வருஷத்துக்கு மேல் உபயோகிக்காத கார்டை மூடுவதற்குப் பேங்க் உனக்குத் தகவல் அனுப்பும், 30 நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் மூடிவிடலாம் என்பது ரிசர்வ் வங்கி 2022ல் போட்ட விதி. உனக்கு அந்தத் தகவல் வந்து பழைய போன் நம்பருக்கோ பழைய மின்னஞ்சலுக்கோ போய்க் கிடக்கிறதா என்று இன்றைக்கே பார். இன்னும் உயிரோடு இருந்தால் போன் ரீசார்ஜையோ பெட்ரோலையோ மாதம் ஒரு தடவை அதில் போட்டு, முழுத் தொகையையும் கட்டிவிடு. ஆண்டுக் கட்டணம் உண்டா என்றும் பார், தொடாத கார்டிலும் கட்டணம் விழுந்து, அது கட்டாமல் நின்று, அதற்குத் தாமதக் கட்டணம் ஏறி, பீரோவில் இருக்கும் கார்டே உன் சிபிலைக் கெடுத்திருக்கலாம்.

எல்லாம் பார்த்துவிட்டு இந்தக் கார்டு வேண்டாம் என்று தோன்றினால், பாக்கியை அடைத்து எழுத்தில் மூடச் சொல். 7 வேலை நாளுக்குள் மூடவேண்டும், பாக்கி எதுவும் இல்லாத நிலையில் அதற்கு மேல் இழுத்தடித்தால் நாளுக்கு 500 ரூபாய் பேங்க் உனக்குத் தரவேண்டும். பேங்க் 30 நாளில் சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்க்கும் அதிகாரி) புகார் செய்யலாம், விவரம் கேட்க 14448 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம். ஏற்றுமதியும் செய்கிறாய் என்றால் இன்னொன்று: பேங்க் மாறியபோது சுங்கத்துறையில் பதிவான ஏடி கோடும் (ஏற்றுமதிக் கணக்கு உள்ள பேங்கைக் காட்டும் எண்), டிராபேக் பணம் (சுங்கம் திருப்பித் தரும் வரி) விழும் கணக்கும் மாற்றியாகிவிட்டதா என்று உன் கிளியரிங் ஏஜென்டிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடு.